380 வோல்ட், 12 ஆம்பியர்: பம்புசெட்டில் மின்தடையும் மின்திறனும் கணக்கிடுவது

பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்ட கேள்விக்கு இது பதில். அவருடைய ஆழ்குழாய்க் கிணற்றில் 7.5 எச்.பி. மும்முனை நீர்மூழ்கி மோட்டார் இறக்கியிருக்கிறார்கள். அது ஓடும்போது பேனல் போர்டில் வோல்ட் மீட்டர் 380-ஐயும் ஆம்ப் மீட்டர் 12-ஐயும் காட்டுகின்றன. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் மின்திறன் என்று பத்தாம் வகுப்பில் படித்தபடி கணக்குப் போட்டால் 31.7 ஓமும் 4,560 வாட்டும் வருகின்றன. ஆனால் மோட்டாரின் தகட்டில் 5.5 கிலோவாட் என்று பொறித்திருக்கிறது. காயில் கட்டுபவரோ மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு 3 ஓம் என்கிறார். இவற்றில் எது சரி, கணக்கில் எங்கே பிழை என்று கேட்டிருக்கிறார்.

வகுத்ததும் பெருக்கியதும் சரிதான். ஆனால் அந்த இரண்டு வாய்பாடுகளும் தமக்குரிய இடத்தில்தான் மின்தடையையும் மின்திறனையும் தரும். மும்முனை மோட்டார் அந்த இடம் அன்று. 31.7 ஓம் என்பது மோட்டாருக்குள் எங்குமே இல்லாத ஓர் எண். 4,560 வாட் என்பது மோட்டார் உண்மையில் இழுக்கும் திறனைவிட ஏறத்தாழ 2,000 வாட் குறைவு. 3 ஓம் என்பது மெய்யான அளவு. ஆயினும் அதை மட்டும் வைத்துக்கொண்டு மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று சொல்லிவிட முடியாது. இது ஏன் என்று விளங்க, அந்த வாய்பாடுகள் பிசகாமல் பொருந்தும் ஒரு பொருளிலிருந்து தொடங்குவது நல்லது.

வாளியில் மாட்டி வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பியை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட், 1,000 வாட் என்று அதன் கைப்பிடியில் அச்சிட்டிருந்தால், அது இழுக்கும் மின்னோட்டம் 1,000 ÷ 230 = 4.35 ஆம்பியர், அதன் மின்தடை 230 ÷ 4.35 = 52.9 ஓம். உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகவே வெளியேறுவதால் இங்கே இரண்டு வாய்பாடுகளும் ஐயமின்றிச் செல்லும். ஊரில் மின்னழுத்தம் 190 வோல்ட்டாக இறங்கிவிட்டது என்று வையுங்கள். கம்பியின் மின்தடை பெரிதாக மாறாது. ஆகவே மின்னோட்டம் 190 ÷ 52.9 = 3.59 ஆம்பியர் ஆகிறது, மின்திறன் 190 × 3.59 = 682 வாட் ஆகிறது. மார்கழி விடியற்காலையில் 10 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 8,37,000 ஜூல் ஆற்றல் வேண்டும். வாளியிலிருந்து காற்றுக்குப் போகும் வெப்பத்தை ஒதுக்கிவிட்டால், முழு மின்னழுத்தத்தில் 14 நிமிடத்தில் முடிகிற வேலைக்கு இப்போது இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். மின்னழுத்தம் 17 விழுக்காடு குறைந்ததற்கு மின்திறன் 32 விழுக்காடு குறைந்திருப்பதைக் கவனியுங்கள். மின்னழுத்தம் குறையும்போது மின்னோட்டமும் சேர்ந்து குறைவதால், மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது. மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தாலும், மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினாலும் அதே 682 வாட்தான் வரும்.

இவற்றை நினைவில் வைக்கப் பள்ளியில் ஒரு முக்கோணம் வரைந்து, வேண்டிய எழுத்தை விரலால் மறைத்து விடை காணச் சொல்லித்தருவார்கள். தேர்வுக்கு அது உதவும். ஆனால் எந்த இரு புள்ளிகளுக்கு இடையிலான மின்னழுத்தம், எந்தக் கம்பியில் ஓடும் மின்னோட்டம் என்ற கேள்வியை அந்த முக்கோணம் கேட்கவே விடுவதில்லை. நம் பேனல் போர்டுக் கணக்கு தடம் புரண்டது அந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

மோட்டாருக்குப் போகும் முன் இன்னும் ஒன்று. பழைய 100 வாட் குண்டு பல்பை 230 வோல்ட்டில் எரியவிட்டுக் கணக்கிட்டால் அதன் மின்தடை 529 ஓம். அதே பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 40 ஓமுக்குள்தான் காட்டும். இரண்டும் சரி. டங்ஸ்டன் இழை 2,000 டிகிரிக்கு மேல் காயும்போது அதன் மின்தடை பன்மடங்கு உயர்ந்துவிடுகிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட விதிக்கு வெப்பநிலை மாறாதிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு என்று பாடநூலில் ஒரு வரி வருமே, அதன் பொருள் இதுதான். ஆக, ஒரு பொருளின் மின்தடை என்று ஒற்றை எண்ணைச் சொல்லும்போது அது எந்த நிலையில் அளந்தது என்பதும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

இப்போது மோட்டார். வோல்ட் மீட்டர் காட்டும் 380 என்பது இரண்டு ஃபேஸ்களுக்கு இடையிலான மின்னழுத்தம். ஆம்ப் மீட்டர் காட்டும் 12 என்பது ஒரே ஒரு ஃபேஸ் கம்பியில் ஓடும் மின்னோட்டம். இவ்விரண்டும் ஒரே சுருளுக்கு உரியவை அல்ல என்பதால், ஒன்றை மற்றொன்றால் வகுப்பதில் பொருள் இல்லை. மோட்டாருக்குள் சுருள்கள் ஸ்டார் முறையில் (மூன்று சுருள்களின் ஒரு நுனி மட்டும் பொதுவாகச் சேர) இணைந்திருந்தால், ஒவ்வொரு சுருளுக்கும் கிடைக்கும் மின்னழுத்தம் 380-ஐ 1.732 என்ற மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்த 219 வோல்ட். அதை 12-ஆல் வகுத்தால் 18.3 ஓம். டெல்டா முறையில் (மூன்று சுருள்களும் முக்கோணமாக நுனியோடு நுனி சேர) இணைந்திருந்தால் சுருளுக்கு 380 வோல்ட் முழுவதும் கிடைக்கும். ஆனால் சுருளில் ஓடுவது 6.93 ஆம்பியர்தான், ஆகவே 54.8 ஓம். 31.7 இரண்டிலும் சேரவில்லை. (415 வோல்ட்டை 1.732-ஆல் வகுத்தால் 240 வருகிறது. வீட்டுக்கு ஒருமுனையில் வரும் 240 வோல்ட்டும் கொட்டகைக்கு மும்முனையில் வரும் 415 வோல்ட்டும் ஒரே டிரான்ஸ்பார்மரிலிருந்து வருவது இந்தக் கணக்கால்தான்.)

அந்த 18.3 ஓமும்கூட மின்தடை அன்று, அது மின்னெதிர்ப்பு. மாறுதிசை மின்சாரம் இரும்பு உள்ளகத்தின் மேல் சுற்றிய செம்புச் சுருளில் ஓடும்போது, செம்பின் தடையோடு காந்தப்புலத்தின் எதிர்ப்பும் சேர்கிறது; சுழலி சுழலச் சுழல, ஊட்டும் மின்னழுத்தத்தை எதிர்க்கும் ஒரு மின்னழுத்தம் சுருளுக்குள்ளேயே எழுகிறது. மின்னோட்டத்தை 12 ஆம்பியரில் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் இவைதாம், செம்பு அன்று. செம்பு மட்டுமே தடையாக இருந்திருந்தால், இரண்டு முனைகளுக்கு இடையே 3 ஓம் என்பது ஸ்டாரில் சுருளுக்கு 1.5 ஓம் ஆவதால், 219 வோல்ட்டுக்கு 1.5 ஓம் என்ற கணக்கில் 146 ஆம்பியர் ஓடிச் சுருள் சில நொடிகளில் கருகிவிடும். ஸ்டார்டரை அழுத்திய கணத்தில் ஆம்ப் மீட்டர் முள் ஒரு எகிறு எகிறிவிட்டுத் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். சுழலி இன்னும் நகராத அந்தக் கணத்தில் எதிர் மின்னழுத்தம் மிகக் குறைவு என்பதால், ஓடும் நிலையைப் போல ஐந்தாறு மடங்கு, அதாவது 60 முதல் 70 ஆம்பியர் வரை இழுக்கிறது.

மின்திறனுக்கு வருவோம். மும்முனையில் மின்திறன் என்பது 1.732-ஐ மின்னழுத்தத்தாலும், மின்னோட்டத்தாலும், திறன் காரணியாலும் பெருக்கிக் கிடைப்பது. திறன் காரணி என்பது பவர் ஃபேக்டர். மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே நேரத்தில் உச்சம் தொடாமல் சற்று முன்பின்னாக ஏறி இறங்குவதால் பெருக்கற்பலனைக் குறைத்துக் கணக்கிட வேண்டிய விகிதம். ஹீட்டர் கம்பிக்கு அது 1. நல்ல சுமையோடு ஓடும் இந்த அளவு மோட்டாருக்கு 0.82 என்று கொள்ளலாம். அப்படியானால் 1.732 × 380 × 12 × 0.82 = 6,476 வாட். தகட்டில் உள்ள 5.5 கிலோவாட் தண்டில் கிடைக்கும் வெளியீடு, ஒரு எச்.பி.க்கு 746 வாட் என்று கொண்டு 7.5-ஐப் பெருக்கினால் வரும் 5,595-ஐத்தான் அப்படிச் சுருக்கிப் பொறிக்கிறார்கள். உள்ளே போகும் 6,476 வாட்டில் 78 விழுக்காடு தண்டுக்கு வருகிறது என்று கொண்டால் 5,051 வாட், அதாவது 6.8 எச்.பி. எனவே உங்கள் மோட்டார் தன் முழுச் சுமைக்குச் சற்றுக் கீழே ஓடுகிறது. கவலைப்பட ஒன்றுமில்லை.

திறன் காரணியை ஊகிக்காமலே மின்திறனை அறிய ஒரு வழி உண்டு. இணைப்பில் மின்னணு மீட்டர் இருந்தால் அதன் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். அது 1,200 என்று வையுங்கள். சிவப்பு விளக்கு ஒரு நிமிடத்தில் 130 முறை சிமிட்டினால், 130 × 60 ÷ 1,200 = 6.5 கிலோவாட். இது மெய்யான மின்திறன். இதை 1.732, 380, 12 ஆகிய மூன்றின் பெருக்கற்பலனான 7,898-ஆல் வகுத்தால் உங்கள் மோட்டாரின் திறன் காரணியே கைக்கு வந்துவிடும். இலவச மின்சார இணைப்புகள் பலவற்றில் மீட்டரே கிடையாது என்பதால் இந்த வசதி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

காயில் கட்டுபவர் சொன்ன 3 ஓமை இங்கேதான் பயன்படுத்த வேண்டும். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வெப்பம் என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ஜூல் 1841-இல் காட்டினார். இரண்டு முனைகளுக்கு இடையே அளந்த மின்தடை 3 ஓம் என்றால், மூன்று சுருள்களிலும் சேர்த்து உண்டாகும் வெப்பம் 1.5 × 12 × 12 × 3 = 648 வாட். ஸ்டாராக இருந்தாலும் டெல்டாவாக இருந்தாலும் இந்த 1.5 மாறாது. உள்ளே போகும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு செம்பைச் சூடேற்றவே செலவாகிறது. சுருள் சூடான பின் அதன் மின்தடை கூடுவதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் அதிகம்.

ஹீட்டர் கம்பிக்கும் மோட்டாருக்கும் உள்ள பெரிய வேறுபாடு மின்னழுத்தம் குறையும்போது வெளிப்படும். கம்பி பேசாமல் குறைவாக இழுத்துக்கொள்ளும். மோட்டாரோ, மேலே ஏற்றவேண்டிய நீர் அப்படியே இருப்பதால், குறைந்த மின்னழுத்தத்தை ஈடுகட்டக் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். அதே 6,476 வாட்டுக்கு 415 வோல்ட்டில் 11 ஆம்பியர் போதும், 380-இல் 12, 340-இல் 13.4. திறன் காரணியும் வேகமும் சிறிது மாறும் என்பதை விட்டுவிட்டுச் சொன்ன தோராயம் இது. சுருளின் வெப்பத்தை மேற்சொன்னபடி கணக்கிட்டால் முறையே 545, 648, 808 வாட். மின்னழுத்தம் 18 விழுக்காடு இறங்கியதற்கு வெப்பம் ஏறத்தாழ பாதியளவு கூடிவிட்டது. லோ வோல்டேஜில் காயில் போகிறது என்று காவிரி டெல்டாப் பகுதியில் ஆண்டுதோறும் சொல்லப்படுவதற்கு அடியில் இருப்பது இந்த வர்க்கக் கணக்குதான்.

அது குறிப்பிட்ட பருவத்தில் நேர்வதற்கும் காரணம் உண்டு. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முன்பே, போர்வெல் வைத்திருப்பவர்கள் குறுவைக்கு நாற்றங்கால் விட்டுவிடுகிறார்கள்; ஆற்றில் நீர் இல்லாத அந்த வாரங்களில் ஒரு டிரான்ஸ்பார்மருக்கு உட்பட்ட மோட்டார்கள் எல்லாம், மும்முனை மின்சாரம் வரும் அதே மணி நேரங்களில், ஒன்றாக ஓடுகின்றன. 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்றின் தாழ்வழுத்தப் பக்கம் 433 வோல்ட், அதன் முழு அளவு மின்னோட்டம் 1,00,000 ÷ (1.732 × 433) = 133 ஆம்பியர். மோட்டாருக்கு 12 ஆம்பியர் என்றால் பதினோரு மோட்டாரோடு அது நிறைந்துவிடும். டிரான்ஸ்பார்மரில் 433 ஆகப் புறப்பட்டது உங்கள் பேனலில் 380 ஆக நிற்கிறது என்றால், நடுவில் மறைந்த 53 வோல்ட்டில் பெரும்பகுதி வயல்வழியே வரும் அலுமினியக் கம்பிகளின் மின்தடையில் விழுகிறது. அக்கம்பக்கத்தார் மோட்டாரை நிறுத்தியதும் உங்கள் வோல்ட் மீட்டர் ஏறுவது அந்தக் கம்பிகளில் ஓடும் மின்னோட்டம் குறைவதால்தான்.

அந்தக் கம்பி உங்கள் கையில் இல்லை. பேனலிலிருந்து கிணற்றுக்குள் இறங்கும் கேபிள் உங்கள் கையில் இருக்கிறது. செம்புக் கம்பியின் மின்தடை காண 0.0175-ஐ மீட்டரில் சொன்ன நீளத்தால் பெருக்கிச் சதுர மில்லிமீட்டரில் சொன்ன பரப்பால் வகுக்க வேண்டும். 60 மீட்டருக்கு 4 சதுர மில்லிமீட்டர் கேபிள் இறக்கியிருந்தால் ஒவ்வொரு கம்பிக்கும் 0.26 ஓம், விழும் மின்னழுத்தம் 1.732 × 12 × 0.26 = 5.4 வோல்ட், மூன்று கம்பியிலும் வீணாவது 112 வாட். காசை மிச்சப்படுத்த 1.5 சதுர மில்லிமீட்டர் போட்டிருந்தால் கம்பிக்கு 0.7 ஓம், 14.5 வோல்ட் விழும், 302 வாட் வீணாகும். ஓடும்போது இது பொறுத்துக்கொள்ளத் தக்கதாகத் தெரியலாம். ஆனால் தொடங்கும் கணத்தில் 65 ஆம்பியர் ஓடும்போது அதே கேபிளில் 80 வோல்ட் வரை விழக்கூடும். பேனலில் ஏற்கெனவே 360 இருந்தால் மோட்டாருக்கு 280 போய்ச் சேரும். அப்போது அது சுழலாமல் உறுமிக்கொண்டு நிற்கும். மோட்டாரில் கோளாறு என்று மேலே தூக்கிப் பார்ப்பதற்கு முன் கேபிளின் பரப்பைப் பார்ப்பது நல்லது.

கெபாசிட்டர் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. ஸ்டார்டருக்கு அருகே கெபாசிட்டர் பொருத்தித் திறன் காரணியை 0.82-இலிருந்து 0.95-க்கு உயர்த்தினால், ஆம்ப் மீட்டர் 12-இலிருந்து 10.4-க்கு இறங்கும் என்பது உண்மை. ஆனால் குறைவது கெபாசிட்டருக்கு முன்னால் உள்ள கம்பியில் ஓடும் மின்னோட்டம் மட்டுமே. கெபாசிட்டருக்கும் மோட்டாருக்கும் இடையில், அதாவது கிணற்றுக் கேபிளிலும் சுருளிலும், அதே 12 ஆம்பியர்தான் ஓடுகிறது. சுருள் அதனால் நேரடியாகக் குளிர்ந்துவிடாது. ஊர்க் கம்பியில் வெப்பமாக வீணாவதில் உங்கள் பங்கு கால்வாசி குறைந்து, எல்லாருக்கும் மின்னழுத்தம் சற்று உயரும். கெபாசிட்டர் போடுவது சரிதான். ஆனால் ஆம்ப் மீட்டர் அதற்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று தெரியாமல் எண்ணை நம்பக் கூடாது. இருமுனை மின்சாரத்தில் கெபாசிட்டர் துணையோடு மும்முனை மோட்டாரை ஓட்டும் வழக்கமும் இங்கே உண்டு; அந்த நேரங்களில் மூன்று கம்பிகளிலும் ஓடும் மின்னோட்டம் சமமாக இராது என்பதால் 1.732 வாய்பாடே செல்லாது.

இந்த மின்திறனுக்கு எவ்வளவு நீர் கிடைக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். 200 லிட்டர் டிரம் ஒன்றைக் குழாய் வாயில் வைத்து நேரம் பாருங்கள். 17 நொடியில் நிரம்பினால் நொடிக்கு 11.8 லிட்டர். நீர்மட்டத்தின் ஆழமும் குழாயின் உராய்வும் சேர்த்து 24 மீட்டர் என்றால், நீர் பெறும் திறன் 11.8 × 24 × 9.81 = 2,778 வாட். உள்ளே போன 6,476-இல் இது 43 விழுக்காடு. ஒரு மா நிலத்தில், அதாவது சுமார் 33 சென்டில், 5 சென்டிமீட்டர் நீர் நிறுத்த ஏறத்தாழ 67,000 லிட்டர் வேண்டும். மண் உறிஞ்சுவதைச் சேர்க்காமல் அதற்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல், சுமார் 10 யூனிட்.

கடைசியாக அந்த 3 ஓமை நீங்களே அளக்கும் முறை. மெயினை இறக்கி, ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மோட்டார் கேபிளின் மூன்று முனைகளையும் பேனலிலிருந்து விடுவித்த பிறகே மல்டிமீட்டரை வைக்க வேண்டும். முனை ஒன்றுக்கும் இரண்டுக்கும், இரண்டுக்கும் மூன்றுக்கும், மூன்றுக்கும் ஒன்றுக்கும் என மூன்று அளவுகள் எடுங்கள். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் காட்டும் சிறு எண்ணையும், கேபிளின் இரண்டு கம்பிகளுக்கு உரிய மின்தடையையும் ஒவ்வொன்றிலிருந்தும் கழித்துவிடுங்கள்; 3 ஓம் போன்ற சிறிய அளவில் இந்த அரை ஓம் பெரிய பிழை. மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் சுருளில் குறையில்லை. ஒன்றோ இரண்டோ தெளிவாகக் குறைந்திருந்தால் எங்கோ சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். கூடியிருந்தால் முதலில் கேபிள் மூட்டைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு முனைக்கும் பூமிக்கும் இடையிலான காப்புத் தடையை மல்டிமீட்டரால் நம்பகமாக அளக்க முடியாது. அதற்கு 500 வோல்ட் மெகர் வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மோட்டாரை ஓட்டாமல் காயில் கட்டுபவரிடம் கொடுத்துவிடுங்கள்.